வெளிப்படுத்தல் என்னும் ஒற்றைச்சொல்: கலைச்சொல்லாக்கக் கொள்கை ஒன்றற்கு மறுப்பு

ஆங்கிலத்தின் 'டிஸ்க்ளோஷர்' என்னும் சொல் நீதிமன்றம், பங்குச்சந்தை, காப்புரிமை அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை, குழந்தைகள் நலக்குழு ஆகிய இடங்களிலெல்லாம் வழங்குகின்றது. சொல் ஒன்றே; அது குறிக்கும் செயல் இடந்தோறும் வேறு. தமிழிலோ இவ்வனைத்திற்கும் 'வெளிப்படுத்தல்', 'வெளிப்படுத்துகை', 'வெளிப்பாடு' என ஒரே அடிச்சொல்லின் வடிவங்களே பெரிதும் எழுதப்படுகின்றன. போதாக்குறைக்குக் கவிஞன் தன் உணர்வைப் பாட்டாக்குவதும் வெளிப்பாடு. குடிமகன் தன் கருத்தைச் சொல்லும் உரிமையும் வெளிப்பாட்டுரிமை. விவிலியத்தின் இறுதி நூலும் திருவெளிப்பாடு. இத்தனை சுமையையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்றிவிட்டு, 'தமிழில் கலைச்சொல் கண்டாயிற்று' என்று நிறைவு கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்பதே செம்மையான கலைச்சொல்லாக்கம் என்னும் நம்பிக்கை பட்டியல் தொகுப்போரிடையே இறுகிக் கிடக்கின்றது. அந்நம்பிக்கை பிழையானது என்பதற்கு இச்சொல்லைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இதனை நடையழகு பற்றிய குறையாகக் கருதி ஒதுக்குதற்கும் இயலாது. சட்டம் ஒருவருக்குக் கடமையாக விதிக்கும் செயலையும், அதே சட்டம் மற்றொருவருக்குக் குற்றமாக விலக்கும் செயலையும் ஒரே பெயரால் அழைக்கும் நிலைக்குத் தமிழ் உரைநடை இதனால் தள்ளப்பட்டுள்ளது.

சொற்பிறப்பிலிருந்து தொடங்குவது பயனுடைத்து. மூடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. நீக்கத்தைச் சுட்டும் 'டிஸ்' என்னும் முன்னொட்டு அதனுடன் சேர்ந்தது. எனவே மூடியதைத் திறத்தலே இச்சொல்லின் அடிப்படைப் படிமம். இதனோடு ஒருபொருட்கிளவிகள் போல வழங்கும் பிற சொற்களின் படிமங்கள் வேறு. 'ரிவீல்' என்பது திரையை விலக்குதல். 'டிஸ்கவர்' என்பது மூடிய போர்வையை அகற்றுதல். 'எக்ஸ்போஸ்' என்பது ஒன்றைக் கொண்டுபோய் வெளியில் வைத்தல். தமிழின் 'வெளிப்படுத்து' இந்நான்கனுள் இறுதியானதற்கே மிக நெருங்கியது. அதன் முதனிலையே 'வெளி' ஆதலின், எல்லார் கண்ணுக்கும் படும் திறந்த இடம் என்னும் பொருள் அதனைவிட்டு நீங்குவதில்லை. கதவைத் திறப்பது வேறு. வீட்டிலுள்ளதைத் தெருவில் வைப்பது வேறு. கதவை ஒருவருக்காக மட்டும் திறக்கலாம். அவர் உள்ளே வந்தபின் மீண்டும் சாத்தலாம். 'டிஸ்க்ளோஷர்' என்பதற்குப் பெரும்பாலான துறைகளில் குறிப்பிட்ட ஒரு கேட்போர் உண்டு. சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்வளவு சொல்ல வேண்டும், சொல்வது கடமையா உரிமையா என்னும் வினாக்களுக்கு விடை கண்டாலன்றி அச்சொல்லின் பொருள் முற்றுப்பெறாது. 'வெளிப்படுத்தல்' இவ்வினாக்களுள் ஒன்றையும் எழுப்புவதில்லை.

துறைதோறும் பொருள்

உரிமையியல் வழக்குகளில் இச்சொல் பெறும் பொருள் தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக் கூடியது. இங்கிலாந்தில் 1999 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறை விதிகள், அதுவரை 'டிஸ்கவரி' என வழங்கிவந்த செயல்முறைக்கு 'டிஸ்க்ளோஷர்' எனப் பெயர் மாற்றின. அவ்விதிகளின் 31ஆம் பகுதி தரும் வரையறைப்படி, ஓர் ஆவணம் உள்ளது அல்லது இருந்தது என்று கூறுவதே அவ்வாவணத்தைப் பொறுத்த 'டிஸ்க்ளோஷர்' ஆகும். ஆவணத்தை எடுத்துக் காட்டுதல் அதனுள் அடங்காது. பார்வையிடல் என்பது அடுத்த நிலை. அதற்குத் தனி உரிமையும் தனி விலக்குகளும் உள்ளன. வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்கு எழுதிய மடல் ஒன்று உண்டு என்று கூறிவிட்டு, அதனைக் காட்ட மறுப்பதற்கு அங்கு இடமுண்டு. அவர் தம் கடமையை முழுதும் நிறைவேற்றியவரே ஆவார். இதனைத் தமிழில் 'ஆவணத்தை வெளிப்படுத்தினார்; ஆனால் காட்டவில்லை' என்று எழுதினால் தொடர் தன்னைத்தானே மறுக்கும்.

இந்தியாவிலும் இவ்வேறுபாடு உயிருள்ளதே. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளை 'டிஸ்கவரி', பார்வையிடல் என்னும் இரண்டைப் பேசியது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம், குறித்த மதிப்புடைய வணிகப் பூசல்களுக்காக அக்கட்டளையை மாற்றியமைத்தபோது 'டிஸ்க்ளோஷர்', 'டிஸ்கவரி', பார்வையிடல் என மூன்றையும் தலைப்பிலேயே அடுத்தடுத்து நிறுத்தியது. ஒற்றைச்சொல் கொள்கையர் இத்தலைப்பை எவ்வாறு தமிழாக்குவர் என்பது எண்ணற்பாலது. முதலாவது வெளிப்படுத்தல் என்றால் இரண்டாவது என்ன? 'கண்டுபிடிப்பு' என்று எழுதுவாரும் உளர்; அவர்கள் கையில் எடிசனும் எதிர்வழக்காடியும் ஒரே தொழில் செய்கின்றனர்.

குற்றவியலில் நிலைமை இன்னும் நுட்பமானது. காவலில் இருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரும் தகவலால் ஒரு பொருண்மை தெரியவந்தால், அத்தகவலில் அப்பொருண்மைக்கு நேரடித் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 23ஆம் பிரிவில் இதுவே காப்புரையாக இடம்பெற்றுள்ளது. இவ்வகைக் கூற்றைக் காவல்துறையும் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் 'டிஸ்க்ளோஷர் ஸ்டேட்மெண்ட்' என்று குறிக்கின்றன. புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946இல் வகுத்த நெறி இங்கு முதன்மையானது. கத்தியை இன்ன இடத்தில் மறைத்தேன் என்பது ஏற்கப்படும். அதனால் இன்னாரைக் குத்தினேன் என்பது ஏற்கப்படாது. ஒரே மூச்சில் சொல்லிய தொடரைச் சட்டம் இரண்டாக அறுக்கின்றது. 'குற்றவாளி எல்லாவற்றையும் வெளிப்படுத்தினார்' என்று செய்தி எழுதுவோர் இவ்வறுவையை அழித்து, தகவலை ஒப்புதல் வாக்குமூலமாக்கிவிடுகின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியாவதும் அதே தொடரில் நிகழ்ந்துவிடுகின்றது என்பது தனிச்செய்தி.

காப்பீட்டில் சட்டத்தின் கண் சொல்லியதன்மீது அன்று, சொல்லாததன்மீதே தங்குகின்றது. முன்மொழிவோர் தம் நோய் வரலாறு போன்ற முதன்மைச் செய்திகளை மறையாது கூறவேண்டும். மறைத்தால் ஒப்பந்தம் ஆட்டங்காணும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் காப்பீட்டை எக்காரணம் பற்றியும் கேள்விக்குள்ளாக்கலாகாது என்கின்றது. காப்புரிமையிலோ இச்செயல் ஒரு விலை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, புத்தாக்கத்தை முழுமையாக விளக்கி, அதனைச் செயற்படுத்தத் தாம் அறிந்த சிறந்த முறையையும் கூறுமாறு விண்ணப்பிப்பவரைப் பணிக்கின்றது. அதற்கு மாற்றாக 20 ஆண்டுத் தனியுரிமை கிடைக்கின்றது. தொழில் அறிந்தார் ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கம் போதுமா என்பதே அங்குள்ள அளவுகோல்.

'வெளி' என்னும் சொல் உண்மையாகவே பொருந்தும் இடங்களும் உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், பங்கு விலையைப் பாதிக்கும் செய்தியைப் பங்குச்சந்தைகள் வாயிலாக எல்லார்க்கும் அறிவிக்கச் சொல்கின்றன; ஒருவருக்கு மட்டும் முன்னரே சொல்வது அங்குக் குற்றம். வேட்பாளர்கள் தம் குற்றப் பின்னணி, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என 2002இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதன் கேட்போர் வாக்காளர் அனைவரும் ஆவர். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு அரசு அலுவலகங்கள் கேளாமலே தரவேண்டிய விவரங்களைப் பட்டியலிடுகின்றது. இவை மூன்றும் வெளியிடுதலே. வழக்குமன்றத்தில் ஒருவர் காதில் சொல்வதும் சந்தையில் அனைவர் காதிலும் ஒருசேரச் சொல்வதும் எதிரெதிர்ச் செயல்கள் என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சொல்லியவளும் வெளியிட்டவரும்

ஒற்றைச்சொல் கொள்கையின் கேடு முழுதும் தெரிவது குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை பற்றிய எழுத்துகளில்தான். தனக்கு நேர்ந்ததை ஒரு சிறுமி முதன்முதலாகத் தாயிடமோ ஆசிரியரிடமோ கூறுவதைச் சமூகப்பணித் துறையினர் ஆங்கிலத்தில் 'டிஸ்க்ளோஷர்' என்பர். அது பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதன்று. பாதி சொல்லி நிறுத்துவதும், சொன்னதை மறுப்பதும், பின்னர்த் தொடர்வதும் உண்டு. கேட்பவர் நம்புகின்றாரா என்பதே அடுத்த சொல் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துள்ளது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யும் காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் ஆகாது.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம் முதலிய அடையாளங்களை எந்த ஊடகமும் 'டிஸ்க்ளோஸ்' செய்யலாகாது என்கின்றது. மீறினால் ஆறு திங்களுக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வயதுவந்த பெண்களைப் பொறுத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு இப்பாதுகாப்பைத் தந்தது; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தருகின்றது.

இவ்விரண்டையும் ஒற்றைச்சொல்லால் தமிழில் எழுதிப் பார்க்கலாம். 'சிறுமி வெளிப்படுத்தினாள், நாளிதழ் வெளிப்படுத்தியது.' முதற்செயலுக்கு நாடே துணைநிற்க வேண்டும், இரண்டாவதற்குச் சிறை. வினையோ ஒன்று. இதனைப் படிக்கும் சிற்றூர்த் தாய் ஒருத்தி, மகள் தன்னிடம் சொல்லியதும் ஏதோ 'வெளியே' போய்விட்டது என்று அஞ்சினால் அவ்வச்சத்திற்குக் காரணம் அவளது அறியாமை அன்று. கைக்கு வந்த முதற்சொல்லை எழுதியவரே அதற்குப் பொறுப்பாவார். எச்.ஐ.வி. தொற்று பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே இரட்டைநிலை உண்டு. தொற்றுடையவர் தாமே விரும்பித் துணைவரிடம் கூறுவதும், மருத்துவமனை ஊழியர் இசைவின்றிப் பிறரிடம் கூறுவதும் அங்குத் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் துண்டறிக்கையில் இரண்டும் வெளிப்படுத்தலாகும்போது, சட்டம் பிரித்ததை மொழிபெயர்ப்பு ஒட்டிவைக்கின்றது.

தொல்காப்பியர் பிரித்த இடம்

தமிழ்த்துறைகள் இதில் வாளா இருத்தற்கு எவ்வகையிலும் இயலாது. ஏனெனில் இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டு பெயரிட்டு வைத்துள்ளது.

களவொழுக்கம் பிறர்க்குத் தெரியவரும் வழிகள் அகப்பொருள் இலக்கணத்தில் இரண்டு. ஒன்று அம்பலும் அலரும்; மற்றொன்று அறத்தொடு நிற்றல். ஊரார் தமக்குள் முணுமுணுப்பது அம்பல் என்றும், இன்னாளுக்கும் இன்னானுக்கும் எனப் பெயர் விளங்க ஊரறியப் பேசுவது அலர் என்றும் இறையனார் களவியலுரை வேறுபடுத்தும். இவ்விரண்டின் வினையைக் கூறுமிடத்துத் தொல்காப்பியக் களவியல் ஆளும் சொல் எது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. களவை வெளிப்படுத்துவன அம்பலும் அலருமே என்பது அந்நூற்பாவின் கருத்து. 'வெளிப்படுத்து' என்னும் வினை அங்கு ஊர்வாயின் செயலுக்கு உரியதாக நிற்கின்றது.

தோழி செவிலியிடம் கூறுவதற்கோ வேறு பெயர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் என அது படிமுறையாகச் செல்லும். ஒவ்வொரு படியிலும் கூறுவார் ஒருவர், கேட்பார் இன்னார் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. உரிய காலம் வாராதபோது தோழி அறத்தொடு நில்லாள் என்பதும் பொருளியலில் கூறப்படும். சொல்லும் முறையும் ஏழு: எளித்தல், ஏத்தல், வேட்கையுரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு என்னும் ஆறன் பின்னரே உள்ளதை உள்ளவாறு செப்பும் கிளவி இடம்பெறும். முழுவுண்மையை உடைத்துக் கூறுவது ஏழனுள் ஒன்று மட்டுமே என்பது, 'எவ்வளவு சொல்ல வேண்டும்' என்னும் வினாவைப் பண்டையோர் எத்துணை நுட்பமாக எண்ணினர் என்பதற்குச் சான்று. 261 அடிகளையுடைய குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே தோழி ஒருத்தி செவிலி ஒருத்தியிடம் அறத்தொடு நிற்கும் ஒரே கூற்றாக அமைந்துள்ளது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் இத்துறையையே தேர்ந்தார் என்று அப்பாட்டின் பழங்குறிப்புக் கூறுகின்றது.

அறத்தொடு நிற்றலை விளக்குமிடத்து உரைகாரர்களும் பிற்கால அகராதிகளும் 'களவை வெளிப்படுத்துதல்' என்று எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி இதனை மறுப்பார் இருக்கலாம். விளக்கம் கூறுவோர் பரந்த பொருளுடைய பொதுச்சொல்லை ஆள்வது இயல்பே. ஆயின் விளக்கச்சொல் பெயராகிவிடாது. துறைக்குப் பெயர் வைத்தவர் 'அறம்' என்னும் சொல்லை முன்னிறுத்தினார். 'வெளி' என்பதை அன்று. சிறுமியின் கூற்று அறத்தொடு நிற்றல். அவள் பெயரை அச்சிடுவது அலர் தூற்றல். இன்றைய கலைச்சொல்லாளர் தோழியின் செயலுக்கு ஊர்வாயின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். இதைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டிய துறைகள், அறத்தொடு நிற்றலை ஐந்து மதிப்பெண் வினாவாகத் தேர்வுத்தாளில் வைத்துவிட்டு, சொல்லாக்கத்தைப் பிறர் பணி எனக் கைகழுவின.

மறுப்புகள்

ஆங்கிலமே இத்தனைக்கும் ஒரு சொல்லை வைத்துள்ளபோது தமிழுக்கு மட்டும் பல எதற்கு என்பது பலரும் கேட்கும் வினா. ஆங்கிலச் சொல் தனியே நிற்கவில்லை. ஒவ்வொரு துறையிலும் வரையறைப் பிரிவும், தீர்ப்புகளின் நீண்ட வரிசையும் அதனைத் தாங்கிநிற்கின்றன. பெயர்த்தெழுதப்பட்ட தமிழ்ச்சொல் அத்தாங்கலின்றி வருகின்றது. வாசகர் அதனைத் தம் அன்றாட வழக்கைக் கொண்டே பொருள்கொள்வர். தவிரவும், ஆங்கிலமும் ஒருமுகமாக இல்லை. இங்கிலாந்து 1999இல் கைவிட்ட 'டிஸ்கவரி'யை அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் ஆளுகின்றன.

பிற இந்திய மொழிகளும் இவ்வாறே செய்கின்றன என்பது அடுத்த வாதம். இந்தியில் 'பிரகடன்', கன்னடத்தில் 'பகிரங்க', தெலுங்கில் 'வெல்லடி', மலையாளத்தில் 'வெளிப்பெடுத்தல்' என்பன வழங்குவது உண்மையே. மலையாள நாளிதழ்களில் 'வெளிப்பெடுத்தல்' என்றால் பரபரப்பான உடைப்புச் செய்தி என்றே வாசகர் கொள்வர் என்பதும் உண்மை. அண்டை வீட்டாரும் அதே குழியில் விழுந்துள்ளனர் என்பது குழிக்குச் சிறப்பாகாது.

தரப்படுத்தம் கெடும் என்னும் அச்சம் மட்டும் ஓரளவு மதிக்கத்தக்கது. ஆனால் தரப்படுத்தம் ஒவ்வொரு துறைக்குள்ளும் வேண்டுவது, துறைகளுக்கிடையே அன்று. 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறை உரைகள் (மத்தியச் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் மத்தியச் சட்டத்தின் தமிழாக்கம் அதிகாரமுடைய உரையாகும். அங்கு நிற்கும் சொல் வெறும் துணைநூற்குறிப்பு அன்று. அதனைக் கொண்டு வழக்காடலாம். உச்சநீதிமன்றம் 2019 முதல் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்கக் கணினிக் கருவியையும் பயன்கொள்கின்றது. கருவி தனக்குக் கிடைத்த பட்டியலையும் பழைய பெயர்ப்புகளையும் கொண்டே கற்கும். ஒற்றைச்சொல் பட்டியலைக் கற்ற கருவி ஒற்றைச்சொல்லையே ஆயிரம் முறை திருப்பித் தரும்.

எனவே துறைவாரியான சொற்கள் வேண்டும். வழக்காவணங்களுக்கு 'இருப்புரைத்தல்' எனலாம். உள்ளது என உரைப்பது மட்டுமே அங்குள்ள செயல் ஆதலின் இது பொருந்தும். குற்றவியலில் 'தடத்தகவல்' என்பது ஒப்புதலினின்று விலகி நிற்கும். காப்பீட்டில் 'மறையாதுரைத்தல்', காப்புரிமையில் 'முழுவிளக்கம்', பங்குச்சந்தையில் 'பொதுவறிவிப்பு', தேர்தலிலும் அரசு அலுவலகத்திலும் 'வெளியிடல்'. தொற்றுநிலையைத் தாமே கூறுதல் 'தெரிவித்தல்', பிறர் கூறிவிடுதல் 'புறங்கூறல்'. இவற்றுள் சில செவிக்குப் புதியனவாகத் தோன்றலாம். சிறந்தவை கிடைப்பின் மாற்றிக்கொள்வதில் தடையில்லை. 'புறங்கூறல்' சட்டச்சொல்லுக்குச் சற்றே காரமானது என்பாரும் இருப்பர். குழந்தையின் அடையாளத்தை அச்சிடுவதற்கு 'வெளிப்படுத்தல்' என்பதையே விட்டுவைக்கலாம். தொல்காப்பியர் வைத்த இடமும் அதுவே. குழந்தை கூறுவதற்குப் புதுச்சொல் எதுவும் புனைய வேண்டா. 'சிறுமி தாயிடம் சொன்னாள்' என்று எழுதினால் யார், யாரிடம் என்னும் இரண்டும் அத்தொடரிலேயே உள்ளன. பட்டியலில் அவ்விடத்தில் 'சொல்லுதல்' என்று மட்டும் இருக்கட்டும்.